கல்கத்தாவில் ஒரு குருகுலம் – சங்கீத ஸ்காலர்ஷிப்பின் கதை

கல்கத்தா என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காளிகாட். 1809-ல் இன்றைய உருவில் கட்டி முடிக்கப்பட்ட காளி கோயிலைத் தரிசித்துவிட்டு, ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக லேக் மார்க்கெட் பக்கம் வந்தால் வாழை இலை, கறிவேப்பிலை, காபிப் பொடி எல்லாம் கிடைக்கும். உத்தியோக நிமித்தம் அங்கே போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி அது. 2001-ல் ஊரின் பெயர் கோல்கத்தா என்று மாறினாலும், அந்தக் குடும்பங்களுக்கு அது இன்னமும் கல்கத்தாதான்.

கோயிலை ஒட்டி ஓடும் ஆதி கங்கையை 1770-களில் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி தூர் வாரிக் கால்வாயாக்கினார். அவர் பெயரால் வந்ததுதான் டாலிகஞ்ச். காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். அந்த டாலிகஞ்சில் ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது, ஐ.டி.சி. கம்பெனி 1977-ல் நிறுவிய சங்கீத் ரிசர்ச் அகாடமி. பெயரில் 'ரிசர்ச்' என்று இருந்தாலும், அது அடிப்படையில் ஒரு குருகுலம். ஆடிஷன் வைத்துச் சிஷ்யர்களைத் தேர்ந்தெடுத்து, ஸ்காலர்ஷிப் கொடுத்து, குருவின் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் வைத்துப் பாட்டுச் சொல்லித் தரும் இடம்.

பல ஊர்களில் நம் வீட்டுக் குழந்தைகள் சங்கீதம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் சிலர் அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள ஆசைப்படும்போது, பெற்றோர் மனதில் எழும் முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்பதுதான். இது இன்று முளைத்த கேள்வி அல்ல. சங்கீத ஸ்காலர்ஷிப்பின் சரித்திரமே இந்தக் கேள்விக்குத் தேடிய பதில்களின் சரித்திரம்தான்.

குருகுலத்தில் சோறு போட்டது யார்?

பாட்டு கற்க ஆகும் செலவில் குருதட்சிணை சிறு பங்குதான். பெரும் பங்கு காலம். சாரீரம் பண்பட்டு, பாடாந்தரம் சேர்ந்து, மனோதர்மம் கைகூட, குறைந்தது பத்து வருஷம் ஆகும். அந்தப் பத்து வருஷமும் மாணவன் சம்பாதிக்க முடியாது. அவனுக்கு யாராவது சாப்பாடு போட வேண்டும்.

பழைய குருகுலவாசத்தில் அந்தப் பொறுப்பைக் குருவின் அகமே ஏற்றது. பதிலுக்குச் சிஷ்யன் தண்ணீர் சுமந்தான், கடைக்குப் போனான், தம்புரா மீட்டினான், கச்சேரிக்குக் கூடவே போய்ப் பின்பாட்டுப் பாடினான். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், பூச்சி என்று அழைக்கப்பட்ட ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரிடமும், செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர், மகாராஜபுரம் விஸ்வநாத ஐயரிடமும் உருவானது இந்த முறையில்தான். குருவுக்குப் பின்னால் சமஸ்தானமோ, ஜமீனோ, தனவந்தரோ இருந்தார்கள். ஆகவே சிஷ்யன் சாப்பிட்ட சோற்றில் ஒரு பகுதி ராஜாவின் சோறு.

இந்த முறையின் பெருமையை நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். குருகுலத்துக்கும் ஒரு தேர்வு இருந்தது. ஆனால் அது வெளியில் தெரியாது. யாருடைய பிள்ளை, எந்த ஊர், யார் சிபாரிசு என்பதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும். இன்னொருவர் அகத்தில் போய்த் தங்கிப் படிக்கும் வாய்ப்பு பெண் குழந்தைகளுக்கு அநேகமாகக் கிடையாது. குருவுக்கு உறவோ அறிமுகமோ இல்லாத ஏழைப் பையனுக்கும் அந்தத் திண்ணை ஏறுவது சுலபமில்லை. வடக்கே கரானா முறையிலும் இதே கதைதான். உஸ்தாதின் சொந்தப் பிள்ளைக்கு ஒரு பாடம், வெளிப் பிள்ளைக்கு ஒரு பாடம் என்ற குறை அங்கே வெகுகாலம் பேசப்பட்டது.

ராஜாக்களின் கல்கத்தா

கல்கத்தா அன்றைக்கே சங்கீதத்துக்குச் சோறு போட்ட ஊர். 1856-ல் ராஜ்யத்தை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, கல்கத்தாவின் மெட்டியாப்ரூஸ் பகுதியில் வந்து தங்கினார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நாட்டியக்காரர்களும் அவரோடு வந்தார்கள். 1887-ல் அவர் காலமாகும்வரை அந்தச் சிறு தர்பார் நடந்தது. வங்காள ஜமீன்தார்களும் போட்டி போட்டுக்கொண்டு வித்வான்களை ஆதரித்தார்கள்.

அவர்களில் ஒருவர் பாதுரியாகாட்டா தாகூர் குடும்பத்து சௌரீந்திர மோகன் தாகூர். வித்வானுக்குச் சன்மானம் கொடுப்பதோடு நிறுத்தாமல், 1871-ல் வங்காள சங்கீதப் பள்ளியைத் தொடங்கினார். பாட்டு கற்க உறவு தேவையில்லை, பள்ளியில் சேர்ந்தால் போதும் என்ற எண்ணம் அப்போது புதிது.

அதே காலத்தில் லண்டனில் இன்னொரு முயற்சி நடந்தது. 1883-ல் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் தொடங்கியபோது, நாடு முழுவதும் தேர்வு நடத்தி 50 பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள். அந்த 50 பேரில் மில் வேலைக்குப் போன ஒரு பெண், செங்கல் சூளைக்காரரின் மகள், கொல்லரின் மகன் ஆகியோரும் இருந்ததைத் திறப்பு விழாவில் வேல்ஸ் இளவரசரே பெருமையாகக் குறிப்பிட்டார். சிலருக்குப் படிப்போடு ஜீவனத்துக்கும் வழி செய்து கொடுத்தார்கள். குடும்பம் எதுவானாலும் குரலைக் கேட்டுச் சேர்ப்பது, சேர்த்தபின் சோறும் போடுவது என்ற இரண்டையும் இணைத்த ஏற்பாடு அது. அடுத்த வருஷம், 1884-ல், அந்தக் காலேஜுக்கு இந்திய வாத்தியங்களை அன்பளிப்பாக அனுப்பியவர் நம் கல்கத்தா சௌரீந்திர மோகன் தாகூர்தான்.

நம் நாட்டிலும் கல்லூரிகள் வந்தன. பலுஸ்கர் 1901-ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தையும், பாத்கண்டே 1926-ல் லக்னோ கல்லூரியையும் தொடங்கினார்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். திருவனந்தபுரத்தில் 1939-ல் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தலைமையில் சங்கீதக் கல்லூரி வந்தது. சென்னையில் 1949-ல் முசிரி சுப்ரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு கர்நாடக சங்கீதத்துக்கான அரசாங்கக் கல்லூரி தொடங்கியது. கதவு திறந்தது, உண்மை. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே போனவனின் சாப்பாட்டுக் கேள்வி பல சமயம் அப்படியே இருந்தது. திருப்பூணித்துறையில் படித்து முடித்து, மேற்கொண்டு திருவனந்தபுரம் கல்லூரியில் சேர்ந்த கே.ஜே. யேசுதாஸ், பண நெருக்கடியால் படிப்பை முடிக்காமல் வெளியேற நேர்ந்தது. அவர் பின்னால் ஜெயித்தார். ஆனால் அப்படி வெளியேறிய எல்லோரும் ஜெயித்தார்களா? அவர்கள் பெயர் சரித்திரத்தில் ஏறாததால் நமக்குத் தெரியவில்லை.

ஒரு சினிமா சொன்ன உண்மை

ராஜாவும் இல்லை, ஸ்காலர்ஷிப்பும் இல்லை என்றால் பாடகனுக்கு யார் சோறு போடுவது? இதற்குக் கல்கத்தாவிலிருந்தே ஒரு சினிமா பதில் சொன்னது. ரித்விக் கட்டக் 1960-ல் எடுத்த 'மேகே டாகா தாரா'. தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, நகரின் ஓரத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. மூத்த பிள்ளை சங்கர் நாள் முழுவதும் சாதகம் செய்கிறான். வேலைக்குப் போவதில்லை. அவனுக்குச் சோறு போடுபவள் தங்கை நீதா. படிப்பை விட்டு, கல்யாண ஆசையை விட்டு, குடும்பத்தையே தாங்குகிறாள். சங்கர் பம்பாய் போய்ப் பெரிய பாடகனாகத் திரும்பும்போது அவள் காசநோயில் கிடக்கிறாள்.

இதைப் பார்த்தவர்கள் தியாகக் கதை என்று கண் கலங்குவார்கள். சங்கீதம் அறிந்தவர்களுக்கு இதில் ஒரு கணக்கும் தெரியும். பாடகனின் பத்து வருஷச் செலவை யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். பொது நிறுவனம் கட்டவில்லையென்றால் வீட்டில் ஒருத்தர் கட்டுவார், அநேகமாக ஒரு பெண். நம் குடும்பங்களிலும், அண்ணா பாட்டு கற்க வேண்டும் என்று தன் பாட்டை நிறுத்திக்கொண்ட அத்தைகளும், நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிய அம்மாக்களும் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் சங்கர் பாடும் ஒரு பந்திஷ் ஹம்ஸத்வனி ராகம். 'வாதாபி கணபதிம்' மூலம் நமக்கெல்லாம் பழக்கமான, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீக்ஷிதர் உருவாக்கிய அதே ஹம்ஸத்வனி. பெண்டிபஜார் கரானாவின் அமான் அலி கான் போன்றவர்கள் அதை வடக்கே எடுத்துப் பாடினார்கள். படத்தில் அதற்குக் குரல் கொடுத்தவர் ஏ. கானன். வங்காளிப் பெயர் போல ஒலிக்கும் இந்தப் பெயரின் முழு வடிவம் ஆற்காடு கண்ணபிரான்!

ஆற்காடு கண்ணபிரான்

1920-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்தவர் அவர். ரயில்வேயில் வேலை. எந்த உஸ்தாதின் குடும்பத்திலும் பிறந்தவர் இல்லை. 1940-களில் கல்கத்தாவுக்கு வந்து, கிரிஜா சங்கர் சக்ரவர்த்தியிடம் சிக்ஷை பெற்று, கிரானா பாணியில் பாடி, அந்த ஊரின் முன்னணிப் பாடகர்களில் ஒருவரானார். மனைவி மாளவிகா கானனும் பெயர் பெற்ற பாடகி. தென்னாட்டுக்காரர் ஒருவரை, ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் தன் சொந்த வித்வானாகவே கல்கத்தா ஏற்றுக்கொண்டது.

ஆனால் கானன் கற்றது எப்படி? ரயில்வே சம்பளம் அவருக்குச் சோறு போட்டது. பகலில் உத்தியோகம், மிச்ச நேரத்தில் சாதகம். அசாத்திய மன உறுதி உள்ளவர்களுக்குத்தான் இது முடியும். அப்படிக் கற்ற மனிதர், பிற்காலத்தில், மாணவன் வேறு எந்தக் கவலையும் இல்லாமல் முழு நேரமும் பாட்டிலேயே இருக்கும்படி அமைந்த ஒரு நிறுவனத்தின் ஆரம்ப கால குருக்களில் ஒருவரானார். அதுதான் டாலிகஞ்ச் அகாடமி. 2004-ல் அவர் காலமானார்.

ஆடிஷனும் அதற்குப் பிறகும்

ஐ.டி.சி. கம்பெனி 1971-லிருந்தே சங்கீத சம்மேளனங்கள் நடத்தி வந்தது. கச்சேரி வைப்பது மட்டும் போதாது, அடுத்த தலைமுறை வித்வான்கள் உருவாக வேண்டும் என்ற யோசனையின் பலன்தான் அகாடமி. அதை ஆரம்பத்திலிருந்து சுமார் 25 வருஷம் நடத்தியவர் பாடகர் விஜய் கிச்லு. 2023-ல் காலமானார். அவர் கல்கத்தாவுக்கு அழைத்து வந்த குருக்களின் பட்டியலைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ராம்பூர்-சஹஸ்வான் கரானாவின் நிஸார் ஹுசேன் கான், ஆக்ரா கரானாவின் லதாபத் ஹுசேன் கான், ஜெய்ப்பூர் வழியில் நிவ்ருத்திபுவா சர்நாயக், கிரானாவின் ஹீராபாய் பரோதேகர், பனாரஸின் கிரிஜா தேவி. தனித்தனி ஊர்களில், தனித்தனிக் குடும்பங்களில் பூட்டி வைத்திருந்த பாடாந்தரங்கள் ஒரே தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

சிஷ்யர்களைச் சேர்க்க நிபுணர் குழு முன்னால் ஆடிஷன். ஏற்கெனவே ஒரு குருவிடம் நல்ல அஸ்திவாரம் பெற்றவர்கள்தான் வருவார்கள். தேறியவர்கள் ஒரு குருவிடம் ஒப்படைக்கப்படுவார்கள். கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித் தொகை உண்டு. குருவும் சிஷ்யரும் ஒரே வளாகத்தில் இருப்பதால், பாடத்துக்கு மணி அடிப்பதில்லை. சேர்ந்துவிட்டோம் என்று சும்மா இருக்கவும் முடியாது. அவ்வப்போது நிபுணர்கள் முன்னால் பாடிக் காட்ட வேண்டும்.

ஆடிஷன் என்ற முறைக்கே நம் நாட்டில் கெட்ட பெயர் இருந்தது. 1952-ல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு மந்திரியான பிறகு, அகில இந்திய வானொலியில் எல்லாக் கலைஞர்களையும் ஆடிஷன் செய்து தரம் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. வாழ்நாளெல்லாம் பாடியவரைச் சில நிமிஷம் கேட்டுத் தரம் போடுவதா என்று மூத்த கலைஞர்கள் பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. சில நிமிஷத்தில் ஒருவரின் பத்து வருஷத்தை அளக்க முடியாது.

வானொலி ஆடிஷனும் ஸ்காலர்ஷிப் ஆடிஷனும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், கேட்பது வேறு. வானொலி கேட்பது, "நீ இன்று என்ன பாடுகிறாய்?" ஸ்காலர்ஷிப் குழு கேட்க வேண்டியது, "உனக்குச் சொல்லிக் கொடுத்தால் நாளை எங்கே போவாய்?" ஆகவே பாடம் பண்ணி மெருகேற்றிய உருப்படி அங்கே அரைப் பங்குதான் உதவும். ஸ்ருதியில் நிற்கிறானா, புதிதாக ஒரு சங்கதி சொன்னால் திருப்பிப் பாடுகிறாளா, தாளம் கைவிட்டுப் போகாமல் இருக்கிறதா, ராகத்தில் தானாக நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்பவைதான் தேர்ந்த காது தேடும் விஷயங்கள்.

இந்த வித்தியாசத்துக்கு அகாடமியின் இரண்டு சிஷ்யர்களே சாட்சி. ஒருவர் அஜய் சக்ரவர்த்தி. பின்னாளில் பத்ம பூஷண் பெற்ற இவர் அதன் முதல் ஸ்காலர்களில் ஒருவர். சேரும்போதே ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஞானப்பிரகாஷ் கோஷிடம் தேர்ந்து, ஓரளவு தயாராக வந்தவர். பிற்பாடு அங்கேயே குருவானார். நம் பாலமுரளி கிருஷ்ணாவோடு சேர்ந்து ஜுகல்பந்தி பாடியதை நம்மவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். அவர் மகள் கௌசிகியும் அந்த அகாடமியின் ஸ்காலராக இருந்தவர்தான்.

மற்றவர் ரஷீத் கான். உத்தரப் பிரதேசத்தின் பதாயூனிலிருந்து, உறவில் தாத்தா முறையான நிஸார் ஹுசேன் கானோடு 1980-ல் கல்கத்தாவுக்கு வந்து அகாடமியில் சேர்ந்தபோது சிறு பையன். சிறுவயதில் சாதகத்தில் அவருக்குப் பெரிய ஆசை இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்காகப் பிடிக்கச் சொல்வாராம் குரு. நாம் அகார சாதகம் என்று சொல்வதன் கடுமையான வடிவம் அது. ரஷீத் கானுக்கு வம்சமும் இருந்தது, குருவும் இருந்தார் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தக் குருவுக்கு ஒரு வீடும், சிஷ்யனுக்கு ஒரு தொகையும், இருவருக்கும் கவலையில்லாத வருஷங்களும் கிடைத்தது டாலிகஞ்சில். 2024 ஜனவரியில் அவர் கல்கத்தாவிலேயே மறைந்தபோது நாடே அழுதது.

தயாராக வந்தவரையும் தயாராகாத பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் வைத்து இருவரையும் உச்சிக்கு அனுப்பியது எது? ஆடிஷன் வெறும் வாசல்படிதான். அதைத் தாண்டிய பிறகு தினமும் விடியற்காலையில் குரு வைக்கும் பரீட்சைதான் நிஜமான தேர்வு. உள்ளே அந்தப் பரீட்சை நடக்காத இடத்தில், வாசலில் எத்தனை கெடுபிடி இருந்தும் பலனில்லை.

நம் குழந்தைகளுக்கு

டாலிகஞ்ச் அகாடமி ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்கானது. கர்நாடக சங்கீதம் பயிலும் நம் குழந்தைகளுக்கும் சில வாசல்கள் உண்டு. மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. நிறுவனம் 1982 முதல் 10 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பாடச் சொல்லிக் கேட்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்து, 20 வயது வரை தொடர முடியும். 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகத்தின் இரண்டு வருஷ உதவித் தொகை தனியாக உண்டு.

தொகை பெரிதல்ல என்று பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். நன்றாகச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அது பெரிதல்லதான். ஆனால் அர்ச்சகர் வீட்டுப் பெண்ணுக்கும், சமையல் வேலை செய்பவர் பிள்ளைக்கும் அது குருதட்சிணையும் பஸ் சார்ஜும் ஆகும். அதைவிட முக்கியம், "உன் பாட்டில் விஷயம் இருக்கிறது" என்று உறவோ நட்போ இல்லாத நாலு பெரியவர்கள் சொன்னார்கள் என்ற தைரியம். பெண் பாட்டைத் தொடரலாமா என்று தயங்கும் வீட்டில், அந்த ஒரு கடிதம் பேச்சையே மாற்றிவிடும்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். ஆடிஷனுக்காக நாலு கீர்த்தனை உருப்போட வைக்காதீர்கள். ஸ்ருதியோடு காலையில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். வருகிற ஆடிஷன் எதுவானாலும் அது போதும். தேறவில்லையென்றால், அன்றைய பத்து நிமிஷம் தேறவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் திறக்காத ஒருவர், ரயில்வே உத்தியோகம் பார்த்துக்கொண்டே பாடி, பிறகு அந்த வாசலுக்கு உள்ளே குருவாக அமர்ந்ததை இப்போதுதான் பார்த்தோம்.

வசதியுள்ள அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நவாபும் ஜமீனும் போய்விட்டன. எல்லா ஊரிலும் ஒரு பெரிய கம்பெனி வந்து தோட்டமும் வீடும் கொடுக்கப்போவதில்லை. நம் ஊர்ச் சபைகளில் டிசம்பர் கச்சேரிக்கு ஆகும் செலவில் சிறு பங்கை ஒதுக்கி, உறவு பார்க்காமல் காதால் கேட்டு ஒரே ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருஷம் தாங்கினால் போதும். அந்தச் செலவை வீட்டில் ஒரு நீதா ஏற்க வேண்டியிருக்காது.